பதினேழாம் நாள் வைத்த சூடு

என் மேல்வரிசையில் முன்பல் ஒன்று பொய்ப்பல். முகம் கழுவும்போது கழற்றி அலுமாரித் தட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு வைப்பேன். அதன் நிறம் மற்றப் பற்களோடு ஒட்டாது. கவனித்தவர்கள் கேட்பார்கள். ‘ஷெல்’ என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடுவேன். பரந்தனில் என் வயதுக்காரர் பலருக்கு உடம்பில் ஏதாவது ஒன்று குறைந்துதான் இருக்கும். ஷெல் என்றால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். உண்மையில் அந்தப் பல் யுத்தத்தில் போனதல்ல. அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே, சமாதான காலத்தில், பட்டப்பகலில், மாட்டுவண்டிச் சவாரித் திடலில் ஊரே பார்த்து நிற்கப் போனது. உடைத்தவர் தண்ணீரூற்று நானா. கையிலிருந்த மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தால் ஒரே அடி. அவர் அடித்ததில் ஒரு பிழையும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராமல் போகலாம்.

தண்ணீரூற்று முல்லைத்தீவுப் பக்கத்தில் அவருடைய ஊர். முஸ்லிம் ஆட்களில் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவரும் மனைவி பிள்ளைகளோடு புத்தளம் போனவர். அங்கே உப்பளத்தில் கூலிக்கு நின்று, பிறகு துபாய்க்குப் போய், பந்தயக் குதிரைகள் கட்டிய லாயம் ஒன்றில் பத்து வருடம் வேலை செய்தார். சமாதானம் வந்து பாதை திறந்ததும் முதலில் ஊர் திரும்பியவர்களில் அவர் ஒருவர். கூரையில்லாத தன் வீட்டுக்கு ஓலை போட்டுக்கொண்டு, முல்லைத்தீவுக் கரையில் கருவாடு எடுத்து, செவ்வாய்க்கிழமைகளில் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிப் பரந்தன் சந்திக்குக் கொண்டுவருவார். வியாபாரம் முடிந்ததும் எங்கள் வளவுக்கு வந்து என் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குதிரையைத் தடவிய கை அது. காதுக்குப் பின்னால் எங்கே சொறிந்தால் மிருகம் கண்ணை மூடும் என்று அந்தக் கைக்குத் தெரியும். கருவாட்டு மணத்தோடு வருகிறவரைப் பார்த்து என் மனைவி மூக்கைப் பொத்திச் சிரிப்பாள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. என்னிடம் கைதான் முந்தும், பிறகு வாய், புத்தி கடைசியாக வரும். எனக்கிருந்த ஒரே பைத்தியம் மாட்டுவண்டிச் சவாரி. இரட்டை மாடு பூட்டிய சின்ன வண்டில்கள் நேரான திடலில் பக்கத்துக்குப் பக்கமாக ஓடும். ஓட்டுகிறவன் வண்டிலில் நின்றபடி துவரங்கேட்டி என்கிற மெல்லிய கம்பால் விளாசுவான். கேட்டியின் நுனியில் ஆணி வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. வைக்காதவனை நான் கண்டதில்லை. வென்ற மாடுகள் முடிவுக் கோட்டில் பின்தொடை கிழிந்து, நாணயக்கயிறு மூக்கை அறுத்து, வாயில் நுரையும் இரத்தமுமாக நிற்கும். நாங்கள் அந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு மாலை போட்டுப் படமெடுப்போம். என் சோடியில் வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் சிவலை. சிவலையைப் போல ஒரு நாம்பன் அந்த நாளில் பளையிலிருந்து வவுனியாவரை இல்லை என்று நான் சொல்லித் திரிந்தேன், அது அவ்வளவு பொய்யுமில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதம், பழக்க ஓட்டம் ஒன்றில் சிவலையின் இடது முன்னங்கால் வண்டில் தடம் ஒன்றில் விழுந்தது. மாடு மண்டியிட்டது. நான் இறங்கிக் காலைப் பார்த்திருக்க வேண்டும். அது சோம்பலில் விழுந்ததாக நினைத்து, எழும்பும்வரை முதுகிலும் வயிற்றிலும் மூக்கிலும் அடித்தேன். கேட்டி முறிந்தது, வேறொன்றை வாங்கி அடித்தேன். எழும்பி மூன்று காலில் நின்றபோதுதான் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் வாழைப்பொத்தி அளவுக்கு வீங்கியிருந்ததைக் கண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நானா வந்து, காலை மடித்துப் பிடித்து, பெருவிரலால் மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. மாடு உதைத்தது. அவர் உதையை நெஞ்சில் வாங்கி, விழுந்து எழும்பி, சாரத்தைத் தட்டிக் கட்டிக்கொண்டார்.

“தம்பி, எலும்பு முறியல்ல. நரம்புக்குள்ள ஓட்டை விழுந்திருக்கு. சூடு வைக்கிற யோசனை இருந்தா இப்பவே விட்டிடுங்க.”

நாங்கள் நரம்பு என்று சொல்வது தசையை எலும்போடு கட்டும் நாணைத்தான். கால் நரம்பு போன மாட்டுக்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வீக்கத்தின் மேல் கோடு இழுப்பது. சிவலை கன்றாக இருந்தபோதே அதன் பழைய சொந்தக்காரர் வேறெதற்கோ அதே காலின் கீழ்ப்பாதியில் மூன்று கோடு இழுத்திருந்தார். குதிரைகளுக்கும் முன்னொரு காலத்தில் இதையே செய்தார்களாம், சரிவராத குதிரையைத் துவக்கால் சுட்டு முடித்துவிடுவார்களாம். நானா இருந்த லாயத்தில் வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் அப்போதுதான் புதுமுறை ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையின் இரத்தத்தையே கழுத்திலிருந்து எடுத்து, சிவப்பை அடியில் படியவிட்டு, மேலே தெளிகிற மஞ்சள் நீரை ஊசியில் உறிஞ்சி, நரம்பின் ஓட்டைக்குள்ளேயே விடுவது. காயத்தை ஆற்றத் தொடங்கி வைக்கிற சத்து அந்த மஞ்சளில்தான் இருக்கிறதாம். அது போதிய அளவு கிடைத்தால் நரம்பு தன்னுடைய பழைய இழையாகவே வளருமாம். கிடைக்காவிட்டால் வெறும் தழும்பாக வளரும், தழும்பு இழுபடாது, அடுத்த ஓட்டத்தில் அறும். எல்லாக் குதிரைக்கும் அது சரிவரவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் தன் கையால் எட்டு மாதம் நடத்திய ஒரு சாம்பல் நிறக் குதிரை ஒன்பதாம் மாதம் பந்தயம் ஓடியதை வந்த நேரமெல்லாம் சொல்லுவார்.

அவருக்கு இது ஒரு மாட்டின் கால் மட்டுமல்ல. தண்ணீரூற்றில் ரோட்டோரமாக ஒரு கொட்டில் போட்டு, கால் போன மாடுகளைப் பார்க்க வேண்டும் என்று கப்புத் தடிகள்கூட வெட்டி வைத்திருந்தார். “ஒரு மாடு ஓடிக் காட்டினாப் போதும் தம்பி. கருவாட்டுக்காரனா வந்து போறது வேற, ஊருக்கு வேண்டிய ஆளாத் திரும்பி வாறது வேற. ஒருக்காத் துரத்திவிட்ட ஊர்” என்றார். அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வவுனியாவிலிருந்து ஊசிகளும் கண்ணாடிக் குழாய்களும் இரத்தம் கட்டிப்படாமல் இருக்க ஒரு மருந்தும் கொண்டுவந்தார். சிவலையின் கழுத்தில் இரத்தம் எடுத்துக் குழாய்களை நிறுத்திவைத்தோம். குதிரை இரத்தம் அரை மணித்தியாலத்தில் தானாகவே இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார். காலை முழுக்கப் பார்த்திருந்தோம், இறங்கவில்லை. மாட்டு இரத்தம் அப்படி இலகுவில் படியாது என்பது அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குசினி வாசலில் நின்ற என் மனைவிதான், “ரேடியோவுக்குச் சுத்தின மாதிரிச் சைக்கிளைச் சுத்திப் பாருங்கோவன்” என்றாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். பின்சில்லின் கம்பிகளில் எதிரெதிராக நான்கு குழாய்களை ரியூப் இறப்பரால் கட்டி நான் சுற்றத் தொடங்கினேன். முதல் தடவையே ஒரு குழாய் கழன்று பறந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் வெடித்தது. ஓர் ஆளை அங்கே வெட்டிப் போட்டதுபோல் சுவர் முழுக்க இரத்தம். மனைவி அதைக் கழுவியும் போகவில்லை. இரண்டாம் தடவை தோள்மூட்டுக் கழன்றுவிடும் என்ற அளவுக்குச் சுற்றினேன். குழாய்களில் சிவப்புக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் தெளிந்தது. நானா அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார், நான் ‘முருகா’ என்றேன்.

நான்கு பேர் கயிறு போட்டு மாட்டைச் சாய்த்தோம். அது கத்திய கத்தில் சந்தியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கழுத்தில் ஒருவன், வயிற்றில் ஒருவன் ஏறி இருந்தோம். நானா மயிரைச் சவர அலகால் வழித்து, ஸ்பிரிட்டால் மூன்று தரம் துடைத்து, பெருவிரல் கண்ட அதே இடத்தில் ஊசியை இறக்கினார். நகத்தளவும் கை நடுங்கவில்லை. முடிந்ததும் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார், “வீக்கம் நாப்பது நாள் நிக்கும். அது நோயில்ல, உள்ளுக்கு வேலை நடக்குது. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம் கயித்தில பிடிச்சு நடத்துங்க, மாதம் மாதம் கூட்டுவம். எண்ணெய் இல்ல, பத்து இல்ல, சூடு இல்லவே இல்ல. எட்டு மாதம். அந்தச் சொல்லை மட்டும் தாங்க.” கொடுத்தேன். அந்தக் கிழமையே அவர் மகளின் கலியாண அலுவலாகப் புத்தளம் போனார், வர மூன்று மாதம் ஆகும் என்றார்.

நாளும் நடத்தினேன். நடத்தி முடிந்ததும் காலைத் தூக்கி என் மடியில் வைத்துத் தடவிவிடுவேன். பத்து நாளில் நான் குனிந்தாலே அது தானாகக் காலைத் தூக்கித் தரும். ஆனால் வீக்கம் வற்றவில்லை. சந்தித் தேநீர்க்கடையில் என்னைக் கண்டால் ஒரு கூட்டம் காத்திருக்கும். “ரத்தத்தை எடுத்துத் திருப்பி ரத்தத்துக்கையே விட்டவங்களாம்” என்பான் ஒருவன். “சூடு வைக்காத கால் ஓடினதை ஆரும் கண்டதோ?” என்பான் மற்றவன். பதினேழாம் நாள் காலை வீக்கம் முதல் நாளைவிடக் கூடியிருந்ததாக எனக்குப் பட்டது. இரண்டும் இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஆசுபத்திரி மருந்தையும் குடித்துக்கொண்டு கையில் நூலும் கட்டுகிற ஆட்கள் நாங்கள், எதையும் ஒன்றோடு விடமாட்டோம். நூல் மருந்தைக் கெடுக்காது. இரும்பு கெடுக்கும் என்று யோசிக்க எனக்கு அறிவில்லை.

கிடங்கு தோண்டும் அலவாங்கின் இரும்பு நுனியைச் சிரட்டைக் கரியில் போட்டுச் சிவக்கவிட்டேன். மனைவி வந்து நெருப்பையும் என்னையும் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, அந்த மனுசன் உங்களிட்டக் கேட்டது ஒரு சொல்லுத்தானே” என்றாள். “உனக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்” என்று கத்தினேன். அவள் கயிறு பிடிக்க மறுத்துவிட்டாள். மாட்டின் கழுத்தை ஒரு மரத்தோடும் பின்கால்களை இன்னொன்றோடும் நானே கட்டினேன். பிறகு குனிந்தேன். சிவலை வழமைபோல இடது முன்னங்காலைத் தூக்கித் தந்தது. அந்தக் காலை என் தொடைக்கு நடுவில் நெரித்துப் பிடித்துக்கொண்டு, பழைய மூன்று கோடுகளின் மேலேயே, புதிதாக ஒரு அடையாளமும் தெரியாதபடி, ஒவ்வொன்றாக இரும்பை வைத்து அழுத்தினேன். மயிரும் தோலும் கருகிப் புகைந்தது. கொழுப்பு உருகிச் சீறியது. மாடு கத்தவில்லை. நாக்கு வெளியே வந்து, கண் வெள்ளையாகி, மூத்திரம் பெய்தபடி நடுங்கியது. மூன்றாவது கோட்டுக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு என்னை மரத்தோடு சேர்த்து மோதியது. நான் செய்த எத்தனையோ அடிபிடிகள் மறந்துபோயின, அது காலைத் தூக்கித் தந்தது மட்டும் மறக்கவில்லை.

அடுத்த கிழமை வீக்கம் வற்றியது, நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதத்தில் நானா வந்தபோது சூட்டுப் புண் காய்ந்து பழைய கோடுகளோடு ஒன்றாகிவிட்டது. அவர் சொன்ன கணக்கில் நடத்தினேன், எட்டு மாதம் வண்டிலில் பூட்டவில்லை. அதில் மட்டும் நான் உண்மையாக இருந்தேன். பங்குனியில் வந்து கடைசியாகக் காலைப் பார்த்தவர், பெருவிரலை மேலிருந்து கீழே கொண்டுவந்து, கோடுகளில் நின்றார். “கீழ்ப்பக்கம் தோல் நரம்போட ஒட்டின மாதிரிக் கிடக்கு தம்பி. எண்ணெய் ஏதும் போட்டீங்களா? சூடு?” மனைவி குசினிக்குள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. “இல்லை நானா” என்றேன். “வேற ஆர் எண்டாலும் நம்பமாட்டன், நீங்க சொன்னாச் சரி” என்று காலை மெல்ல இறக்கிவிட்டார். அன்று சந்திக் கடையில், என்னைப் பகிடி பண்ணிய அதே கூட்டத்துக்கு முன்னால், சித்திரைச் சவாரியில் சிவலை ஓடும், தான் பொறுப்பு என்று சொன்னார்.

சித்திரைச் சவாரிக்குச் சனம் திடலின் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றது. நானா தொப்பி போட்டு, வெள்ளைச் சாரமும் சேட்டும் உடுத்து, தலைக்கவசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு முடிவுக் கோட்டுக்குக் கிட்ட நின்றார். வண்டில் புறப்பட்டதும் சிவலை எடுத்த வேகம் இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது. பாதித் திடலுக்குள் மற்றச் சோடி பின்னுக்குப் போய்விட்டது. அது போதாதென்று ஆணிக் கேட்டியால் தொடையில் குத்திக் குத்தி விரட்டினேன். முடிவுக்கு ஐம்பது மீற்றர் இருக்கும், பச்சைத்தடி முறிந்ததுபோல் ஒரு சத்தம். சிவலையின் இடது கால் குளம்புக்கு மேலே மண்ணில் படுகிற அளவுக்கு மடிந்து, மாடு தலைகுத்தி விழுந்தது. வெள்ளை அதன் மேல் ஏறி விழ, அதன் கொம்பொன்று அடியோடு பெயர்ந்து இரத்தம் பீறிட்டது. வண்டில் என்னைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு மாட்டின் மேலும் கவிழ்ந்தது. நான் எழும்பியபோது முழங்கை எலும்பு வெளியே தெரிந்தது, நோவு தெரியவில்லை.

நானா ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேரே சிவலையின் காலடியில் குந்தினார். அவருடைய விரல் காலை நோக்கிப் போனது. மேல்பக்கம் நல்லாக இருந்து கீழ்க் கோட்டில் அறுந்திருந்தால் அந்த விரலுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஊர் முழுக்கப் பார்த்திருக்க என் பொய் வெளியே வரும். அதற்கு முன்னால் என் கை முந்தியது. “மாட்டைத் தொடாதே!” என்று கேட்டியால் அவருடைய முதுகில் அடித்தேன். ஆணி வெள்ளைச் சேட்டைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாம் அடி கழுத்தில், மூன்றாம் அடி தொப்பியைத் தட்டி விழுத்தியது. மூன்றையும் வாங்கிக்கொண்டு, “பொறுங்க தம்பி, பாக்க விடுங்க” என்றார். அப்போது நான் சொன்னேன், “உங்களை ஊருக்குள்ள திரும்பி வர விட்டதுதான் பிழை.”

சனத்தில் ஓரிருவர் ‘ஓம்’ என்றதும் கேட்டது. நானா எழும்பினார். தலைக்கவசத்தின் பட்டியைக் கையில் சுற்றிப் பிடித்து என் வாயில் அடித்தார். பல் உடைந்து தொண்டைக்குள் போக, நான் மண்ணில் விழுந்து இரத்தத்தோடு துப்பினேன். இன்னொரு அடி அடிப்பார் என்று கையை உயர்த்தினேன். அவர் அடிக்கவில்லை. தலைக்கவசத்தில் பட்ட என் இரத்தத்தைச் சாரத் தலைப்பால் துடைத்து, தொப்பியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்து, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அந்த நாளில் தலைக்கவசம் இல்லாமல் எங்கள் ரோட்டில் போக விடமாட்டார்கள். முதுகில் ஆணி கிழித்த கோட்டோடு அவர் முல்லைத்தீவு ரோட்டால் போவதைச் சனம் முழுக்கப் பார்த்தது.

அதற்குப் பிறகு பரந்தனுக்குக் கருவாடு வேறொருவர் கொண்டுவந்தார். தண்ணீரூற்றில் கொட்டிலுக்கு வெட்டிய கப்புகளை நானா அடுப்புக்குக் கொத்திவிட்டார் என்று அவர்தான் சொன்னார். கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை அள்ளியபோது நானா இருக்கிறாரா என்று ஆள்விட்டுக் கேட்டேன். இருக்கிறார் என்று வந்து சொன்னார்கள். ஒருநாள் போயிருக்கலாம். வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன், பயம் என்பதுதான் சரி. பிறகு மறுபடி சண்டை தொடங்கியது, நானா குடும்பம் இரண்டாம் முறையும் புத்தளம் போய்விட்டது. சிவலை சாகவில்லை. தடித்த காலோடு நொண்டி நொண்டிப் பார வண்டில் இழுத்தது. ஒற்றைக் கொம்பு வெள்ளையும் அதற்குச் சோடி.

இரண்டாயிரத்து எட்டு மார்கழிக் கடைசியில் பரந்தனை விட்டு ஓடும்போது அந்த இரண்டு மாடும்தான் எங்களை இழுத்துக்கொண்டு போயின. நானா கருவாட்டுப் பெட்டியோடு வந்த அதே ரோட்டால், தறப்பாளும் அரிசி மூட்டையும் என் மனைவியின் காயப்பட்ட தாயுமாகப் போனோம். உடுத்த உடுப்போடு போ என்று ஒரு ஊரைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடையார்கட்டைத் தாண்டி ஒரு பனங்கூடலில் நிற்கும்போது ஷெல் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது வெள்ளைக்குத் தலை இல்லை. சிவலை குடல் சரிந்தபடி நுகத்தோடு நின்றுகொண்டிருந்தது, பிறகுதான் விழுந்தது. மாமி வண்டிலிலேயே செத்துப்போனா. அவவைப் புதைக்கக் கிடங்கு வெட்டி முடிவதற்குள் சனம் கத்தியோடு வந்துவிட்டது. சிவலைக்கு இன்னும் மூச்சு இருந்தது. நான் கோடரியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றேன். கிட்ட வருகிறவனை வெட்டியிருப்பேன். ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு வந்து வெறும் சட்டியை நீட்டினாள். கோடரியைத் திருப்பி நானே சிவலையின் நெற்றியில் போட்டேன்.

உரித்தவர் தொழில் தெரிந்தவர். இடது முன்னங்காலின் தோலைக் கீழே இழுக்கும்போது, பாதியில் கத்தி சிக்கியது. நான் கிட்டப்போய்க் குந்திப் பார்த்தேன். நானா ஊசி போட்ட இடத்தின் மேல்பாதியில், இரும்பு படாத பக்கம், நரம்பு வெள்ளையாக, வழுவழுவென்று, ஒரு முடிச்சில்லாமல் இருந்தது. கோடு தொடங்கிய இடத்திலிருந்து கீழே தோலும் நரம்பும் ஒன்றாக வெந்து ஒட்டி, மஞ்சளும் கறுப்புமாக, கத்தி இறங்காத முண்டாகக் கிடந்தது. அறுந்து பொருந்திய தடம் அந்த முண்டுக்குள்ளேதான் இருந்தது. விரலால் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்தேன். ஷெல் விழுந்துகொண்டே இருந்தது. மனைவி வந்து சேட்டில் பிடித்து இழுத்துப் பங்கருக்குள் தள்ளினாள். “பாத்திட்டியளோ?” என்று மட்டும் கேட்டாள்.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் பல் வைத்தியர் ஒருவர் வந்து ஓட்டைப் பல்லுக்கெல்லாம் பொய்ப்பல் கட்டினார். எப்படிப் போனது என்று கேட்டு எழுதும்போது, பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்து, “ஷெல்” என்று சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். அவ்வளவு இலகுவாக இருந்தது.

மீளக் குடியேறி இரண்டு வருடத்துக்குப் பிறகு, நானாவும் தண்ணீரூற்றுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரை இழுத்துப் போட்டார். அவருடைய மனைவி இஞ்சி போட்ட தேநீர் கொண்டுவந்து, பேச்சுக்காக, “பல்லு ஷெல்லிலயா தம்பி போனது?” என்று கேட்டா. எனக்குப் பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. அதற்குள் நானா சொன்னார், “இல்ல, நான் உடைச்சது. நான் சொல்லுவனே, ஒருத்தர்ட மாட்டை என்ர ஊசியால நாசமாக்கினன் எண்டு, அவர்தான் இவர். வயித்தெரிச்சல்ல அவர் கைநீட்டினார். நான் பல்லை உடைச்சிட்டு வந்தன்.” திடலில் நான் சொன்ன அந்த வார்த்தையை வீட்டில் அவர் சொல்லவே இல்லை. “அதுக்குப் பிறகு ஒரு மிருகத்திலயும் நான் கை வைக்கல்ல” என்றார். எட்டு வருடமாக அந்த மனிதர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

சொன்னேன். அலவாங்கையும், பழைய கோடுகளையும், ‘இல்லை நானா’ என்று சொன்ன பொய்யையும், அவரை ஏன் காலைத் தொட விடாமல் அடித்தேன் என்பதையும், பனங்கூடலில் சிவலையை உரித்ததையும் சொன்னேன். தலையைக் குனிந்துதான் சொன்னேன்.  நானா கேட்டார்.

“எத்தினையாம் நாள் சுட்டீங்க?”

“பதினேழு.”

“தோல் உரிச்ச நேரம் மேல்பக்கம் எப்பிடி இருந்தது?”

“வெள்ளை. முடிச்சே இல்லை நானா.”

எவ்வளவு நீளம் என்று கேட்டார். நான்கு விரலை வைத்துக் காட்டினேன். அந்த நான்கு விரலையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்ப ஊசி பிடிச்சிருந்தது” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. இன்னொரு தரம், மனைவியைப் பார்த்து, “கேட்டியா, அது பிடிச்சிருந்தது” என்றார். பெருவிரலைத் தன் முழங்காலில் வைத்து மேலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டு போனார்.  நான் அவருடைய காலைப் பிடிக்கக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

“தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் போகும்வரை வெளியே வரவில்லை. ஆறிப்போன தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வந்தோம்.

இப்போதும் முகம் கழுவும்போது பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போடுகிறேன். யாராவது கேட்டால், தண்ணீரூற்று நானா உடைத்தது என்று சொல்கிறேன். ஏன் உடைத்தார் என்று உடனே கேட்கிறார்கள். ஷெல் என்று சொன்ன காலத்தில் ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை.